மூன்று லென்ஸ்களும் தென்கரை வெயிலும்

குன்னூர்

குன்னூரில் வெயில் நேராக விழுவது குறைவு. வருடத்தில் பாதி நாள் மேகம் தேயிலைச் சரிவுவரை இறங்கிவந்து வெளிச்சத்தை வடிகட்டித்தான் கீழே அனுப்பும். அந்த வெளிச்சத்தில் எடுத்தால் எந்த லென்ஸும் நல்ல லென்ஸ்தான். நிழல் கறுத்துப்போகாது, கண்ணுக்கடியில் குழி விழாது, வெள்ளைச் சட்டை வெளுத்துக் கரையாது. மலையில் லென்ஸுக்கு இருக்கும் பெரிய எதிரி ஈரம். மழைக்காலத்தில் சுவரில் ஊறி, அலமாரிக்குள் புகுந்து, உள்கண்ணாடியில் பங்கஸாகப் படரும். பழைய ஸ்டூடியோக்காரர்கள் மர அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிட்டே லென்ஸ்களைக் காப்பாற்றி வந்தார்கள்.

இந்த ஊர்க்காரன் ஒரு லென்ஸைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் மலையை விட்டு இறங்கியே ஆக வேண்டும். மாசி மாதம், வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், மதுரை, செட்டிநாடு, ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று தெற்கே ஒரு சுற்றுப் போய்வந்தேன்.

லென்ஸ் வாங்கப் போகிற இளைஞர்கள் இப்போது முதலில் கேட்பது எம்.டி.எஃப். வரைபடத்தை. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் 10 ஜோடிக் கறுப்பு வெள்ளைக் கோடுகள், பிறகு 30 ஜோடிக் கோடுகள் என்று நெருக்கினால், கறுப்பையும் வெள்ளையையும் லென்ஸ் எவ்வளவு தூரம் கலக்காமல் பிரித்துக் காட்டுகிறது என்பதைப் படத்தின் நடுவிலிருந்து மூலைவரை கணக்கிட்டு வளைகோடாகப் போடுவார்கள். நேர்மையான அளவு அது. லென்ஸ் வடிவமைப்பவருக்கு அது இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் சோதனை அறையில் கேமரா முக்காலியில் அசையாமல் நிற்கிறது. எதிரே தட்டையான ஓர் அட்டை, இரண்டு பக்கமும் சமமான விளக்கு. சில நிறுவனங்கள் வெளியிடும் வரைபடமோ, செய்து முடித்த லென்ஸை அளந்து வரைந்ததுகூட அல்ல, வடிவமைப்பின் கணினிக் கணக்கு. பூக்கட்டுகிற கை எவ்வளவு வேகமாக ஓடும், கடற்காற்றில் எவ்வளவு உப்பு இருக்கும், கேமராவை நீட்டினால் எதிரில் இருப்பவர் முகம் எப்படி மாறும் என்பதெல்லாம் அந்த அறைக்குள் வருவதில்லை. நான் எடுக்கிற படங்களோ அவற்றால் ஆனவை.

பையில் மூன்று வைத்துக்கொண்டேன். ஒன்று, 24-70 எஃப் 2.8 ஜூம். ஏறக்குறைய ஒரு கிலோ எடை. கல்யாண வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரிடமும் இருப்பது. சோதனைக்கூட மதிப்பெண்ணில் மூன்றிலும் முதலிடம். இரண்டாவது, 35 மில்லிமீட்டர் எஃப் 2, சின்ன பிரைம் லென்ஸ், 200 கிராம் சொச்சம். மூன்றாவது, ஹீலியோஸ் 44-2, 58 மில்லிமீட்டர் எஃப் 2. ஜெர்மனியின் ஜெனா நகரில் வில்லி மெர்ட்டே வடிவமைத்த பியோட்டார் லென்ஸின் வழிவந்தது. போருக்குப் பிறகு சோவியத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கில் செய்தார்கள். என்னிடம் இருப்பது குன்னூரில் மூடிவிட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்தது. அதன் சொந்தக்காரர் ஜெனித் கேமராவில் அதைப் பூட்டி, பக்கத்து ஊரான ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த ‘இந்து’ பிலிமைப் போட்டு, பள்ளிக்கூட குரூப் போட்டோக்களை எடுத்தவர். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. வளையத்தை நெடுந்தூரம் திருகித்தான் ஃபோகஸ் பிடிக்க வேண்டும். இப்போதைய மிரர்லெஸ் கேமராவில் ஓர் அடாப்டர் வைத்து மாட்டுகிறேன்.

மதுரை, மாட்டுத்தாவணி

பூ மார்க்கெட் விடிவதற்கு முன்பே சூடேறிவிடுகிறது. மூட்டை மூட்டையாக மல்லி, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, அரளி. தலைக்கு மேலே கம்பியில் தொங்கும் பல்புகள்; அவற்றுக்குக் கீழே மட்டும் வெளிச்சம், இரண்டடி தள்ளினால் இருட்டு. எங்கள் மலையில் விடியற்காலை என்றால் பேச்சே இருக்காது. இங்கே விலை கூவுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் சொல்வது கேட்கவில்லை.

ஜூமைத்தான் முதலில் மாட்டினேன். எஃப் 2.8-ல் ஷட்டர் வேகம் 1/60 வந்தது. என் எதிரே ஓர் அம்மா வாழைநாரில் மல்லி கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இறுக்கு. கண் பார்த்துப் பின்தொடர முடியாத வேகம். 1/60-ல் அந்த விரல்கள் படத்தில் வெறும் தீற்றல். 35-ஐ மாட்டி எஃப் 2 வரை திறந்தால் அதே வெளிச்சத்தில் 1/125 கிடைக்கிறது. விரல் நிற்கிறது, நார் நிற்கிறது, மொட்டின் காம்பிலிருக்கும் பச்சை தெரிகிறது. சோதனைக்கூடத்தில் எஃப் 2-ல் இந்த 35-ன் மூலைகள் மோசம் என்று எழுதியிருப்பார்கள், அது உண்மையும்கூட. மார்க்கெட்டில் மூலைகளில் இருந்தவை சாக்கு மூட்டையும் இருட்டும். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி ஜூமிலேயே எடுக்கலாமே என்று கேட்பார்கள். கூட்டினால் மல்லியின் வெண்மையில் புள்ளி மண்டுகிறது. மதுரை மல்லியை எடுக்கப்போய் வெண்மையை விட்டுக்கொடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

வேகம் மட்டும் காரணமில்லை. ஜூம் மாட்டியிருந்த வரைக்கும் அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். சின்ன லென்ஸுக்கு மாறியதும் அவரே பேச்சுக் கொடுத்தார்.

“ஏண்ணே, அந்தப் பெரிசை உள்ள வச்சிட்டீங்க?”

“இதுல வெளிச்சம் நல்லா வருதுக்கா.”

“நல்லதாப் போச்சு. அதை நீட்டுனா டிவிக்காரங்க வந்துட்ட மாதிரி இருக்கு. கையே ஓட மாட்டேங்குது.”

35 மில்லிமீட்டரில் முகம் படத்தில் நிறைய வேண்டுமானால் பேசுகிற தூரத்துக்குப் போயாக வேண்டும். போனால் பேசத்தான் வேண்டும். அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள், மாசியில் முகூர்த்தம் கூடினால் விலை ஏறும், ஐப்பசி மழையில் செடி அழுகும் என்பதெல்லாம் அந்தத் தூரத்தில் நின்றதால் கிடைத்தவை. எந்த வரைபடத்தின் எந்த அச்சிலும் இதைக் குறிக்க முடியாது. என் தொழிலில் இதுதான் ஒரு லென்ஸின் முதல் தகுதி என்று நினைக்கிறேன்.

ஹீலியோஸையும் மாட்டிப் பார்த்தேன். முழுசாகத் திறந்தால் நடுவில் இருக்கும் முகம் தெளிவாக நிற்க, பின்னால் தொங்கும் பல்புகள் ஓரத்துக்குப் போகப்போக முட்டை வடிவமாகி முகத்தைச் சுற்றிச் சுழல்கின்றன. லென்ஸ் குழலின் விளிம்பு சாய்வாக வரும் வெளிச்சத்தை வெட்டுவதால் வருவது இது. வடிவமைப்பவர் கண்ணில் குறைதான். வயதான ஒரு பூ வியாபாரியின் முகத்தைச் சுற்றி அந்த வட்டம் அமைந்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் இன்னும் சில முகங்களுக்கு எடுத்ததும் அந்தச் சுழலே கண்ணில் பட்டது, முகம் படவில்லை. இதை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

விடிந்தபின் மார்க்கெட் வாசலில் பருத்திப்பால் குடித்தேன். பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டு, மேலே தேங்காய்ப்பூ. மலையில் இந்த நேரத்துக்கு வெறும் டீதான்.

ஆத்தங்குடி

காரைக்குடியிலிருந்து கொஞ்ச தூரம். ஊருக்குள் நுழைந்ததும் பட்டறைகள். ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்க்க உட்கார்ந்தால் எழுந்துவர மனம் வராது. ஒரு கண்ணாடித் தகட்டைத் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒற்றி, அதன்மேல் சதுரச் சட்டத்தை வைக்கிறார்கள். சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஒரு நிறக் கலவை. அச்சை அப்படியே மேலே தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஆனால் கலக்காமல், கண்ணாடிமேல் நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு, தட்டி மட்டம் செய்து, ஓரமாக வைத்துவிடுவார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு வெயில். காய்ந்ததும் கண்ணாடி விட்டுவரும். கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. சூளை கிடையாது, பாலிஷ் கிடையாது.

இங்கே எனக்குத் தேவைப்பட்டது கிட்டப்போகும் திறன். கரண்டியிலிருந்து நிறம் விழுகிற இடத்துக்குக் கால் மீட்டர்வரை 35 போனது. ஹீலியோஸ் அரை மீட்டரில் நின்றுவிட்டது. லென்ஸ் வாங்கும்போது எத்தனை பேர் இந்த எண்ணைப் பார்க்கிறார்கள்? வருடம் முழுக்க எடுக்கும் படங்களில் பாதி இதை நம்பித்தான் இருக்கிறது. குழந்தையின் விரல், இலையில் பரிமாறிய சோறு, தாலி, பழைய கடிதம், எல்லாம் கிட்டப்போய் எடுப்பவை.

கல் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம், எந்தக் கல் நல்ல கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன்.

“புதுசுல எல்லாம் ஒண்ணுபோலத்தான் தம்பி இருக்கும். அம்பது வருசம் ஆளுக நடந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்க. தினம் துடைச்சு, எப்பவாவது தேங்காயெண்ணெய் தொட்டுத் தேச்சிருந்தா முகம் தெரியும். நடக்காம பூட்டிவச்ச வீட்டுல மங்கிப் போயிக் கெடக்கும்.”

அவர் சொன்னபடியே பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டுக்குப் போனேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி ஒருவர் மட்டும் இருந்தார். பர்மாத் தேக்குத் தூண்கள், வளவைச் சுற்றிப் பூட்டிய அறைகள், நடுவில் திறந்த வானம். ஆச்சியின் மகன் சிங்கப்பூரில். “அவன் கல்யாணம் நடந்த வளவு தம்பி. அப்படியே தெரியற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுங்க” என்றார்.

ஜூமின் 24 மில்லிமீட்டர் இதற்காகவே இருக்கிறது என்று நினைத்து மாட்டினேன். வளவு முழுக்க வந்தது. ஆனால் தரைக் கற்களின் கோடுகள் ஓரத்தில் வெளிப்பக்கமாக வளைந்தன. இந்த வகை ஜூம்களில் இது தெரிந்த விஷயம். சோதனைக்கூட அறிக்கையும் இதைச் சரியாகவே சொல்லியிருந்தது. கேமராவில் திருத்தும் வசதியை இயக்கினால் கோடு நேராகிவிடுகிறது. படத்தின் ஓரங்களை இழுத்துத்தான் நேராக்குகிறது. அதில் ஓரத்துத் தூண் பருத்துவிட்டது. சாதாரணச் சுவரில் யாரும் கவனிக்க மாட்டார்கள். சதுரம் சதுரமாகக் கல் பாவிய தரையில் ஒளிய இடமில்லை.

35-ஐ மாட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். வளவு அடங்கவில்லை. இன்னும் நகர்ந்து முகப்பைத் தாண்டித் தலைவாசலுக்கு வெளியே வந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் செட்டிநாட்டு வீட்டின் நேர்கோடு முழுக்கத் தெரிகிறது: ஒரு நிலை, அதற்குள் இன்னொரு நிலை, அதற்குள் வளவின் வெயில், அதற்கும் அப்பால் கொல்லைக் கதவின் பச்சை. கோடுகள் நேராக நின்றன. கேமராத் திரையில் ஆச்சிக்குக் காட்டினேன். “வாசல்ல நின்னு பாத்தா கொல்லை தெரியணும். இதுதான் எங்க வீடு” என்றார். அந்த அகல லென்ஸ் படத்தை அவர் இரண்டாம் தடவை கேட்கவே இல்லை. உள்ளே போய் ஒரு தட்டில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்தார். ஓரம் துளியும் சிவக்காத பணியாரம். அரிசியும் உளுந்தும் பாலும் சேர்ந்த அந்த மென்மைக்குச் சட்னியின் உறைப்பு சரியாக இருந்தது.

வளவில் நண்பகல் வெயில், தூண்களின் பின்னால் கருமையான நிழல். இந்த மாதிரி இடத்தில் ஹீலியோஸ் வேறு மாதிரி நடந்துகொண்டது. கண்ணாடியின் மேலிருக்கும் பூச்சு பழையது என்பதால், உள்ளே புகும் வெளிச்சம் கண்ணாடிகளுக்கிடையே சிதறி நிழல்மீது மெல்லப் படர்கிறது. கறுப்பு சாம்பலாகிறது. விவரம் கூடுகிறது என்று இதைப் புகழ்பவர்கள் உண்டு, கூடவில்லை. கறுப்பு இளகுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் ஆச்சி தூணோரம் உட்கார்ந்திருந்த படத்துக்கு அந்த இளக்கம் பொருந்தியது. ஜூமில் எடுத்த அதே காட்சியில் அவருடைய வெள்ளைச் சேலை மட்டும் நின்றது, தூண் இருட்டில் போய்விட்டது.

பாம்பன், தனுஷ்கோடி

ராமநாதசுவாமி கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. வெளியே கொடுத்துவிட்டு மூன்றாம் பிரகாரத்தை வெறுங்கையோடு சுற்றினேன். தூண்களின் வரிசை கண்ணெட்டும் தூரம்வரை போகிறது. கையில் லென்ஸ் இல்லாதபோது எந்த லென்ஸால் பார்ப்பேன் என்று எனக்கே தெரிய வந்தது: என் கண் தூண் வரிசையின் கோடியைத் தேடவில்லை, பக்கத்தில் ஈரத்துணியோடு நடந்த குடும்பத்தையே பார்த்துக்கொண்டு போனது.

பாம்பனில் காற்று. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில். புதியதில் நடுப்பகுதி மொத்தமும் செங்குத்தாக மேலே ஏறும். சாலைப் பாலத்தின் மேலே நின்று பார்த்தபோது இரண்டும் ஒரே பார்வையில் அடங்கின. அங்கே ஜூம் தவிர வேறெதுவும் உதவாது. காலால் நடந்து நெருங்க முடியாத இடத்தில் விரலால் நெருங்கத்தான் வேண்டும்.

தனுஷ்கோடி பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1964 டிசம்பர் புயல், சிதைந்த தேவாலயம், அரிச்சல்முனை. நான் இடிபாடுகளில் நிற்கவில்லை. கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போனேன். கடலில் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுக்கிறார்கள். அம்பா பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு இழுப்பு. பெண்களும் கயிற்றில் இருந்தார்கள். இரண்டு வரிசையும் மெல்ல மெல்ல நெருங்கி, கடைசியில் மடி கரையேறும்போது ஓடுகிறார்கள். அந்தக் கடைசி நிமிடங்களில் ஜூம் ஒன்றே கைகொடுத்தது. 70-ல் முகம், உடனே 24-ல் வலையும் கடலும். ஓடுகிற ஆளை ஆட்டோ ஃபோகஸ் விடாமல் பிடித்தது. ஹீலியோஸை மாட்டியிருந்தால் வளையத்தைத் திருகி முடிப்பதற்குள் மீன் கூடைக்குப் போயிருக்கும்.

ஆனால் இந்தக் கரையில் லென்ஸுக்கு நேர்வதைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே முன்கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் ஏறிவிடுகிறது. படத்தில் வண்ணம் வெளிறும்போதுதான் தெரியும். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து கீறும். முன்னால் ஒரு ஃபில்டர் போட்டுக்கொள்வதுதான் வழி. ஃபில்டர் போட்டால் தெளிவு குறையும் என்று சோதனைக்கூடம் சொல்லும். தனுஷ்கோடிக் காற்றில் ஃபில்டர் போடாதவரின் லென்ஸில் அதைவிட அதிகம் குறையும். ஜூமுக்கு இன்னொரு தொல்லை. 24-லிருந்து 70-க்குத் திருகும்போதெல்லாம் குழல் நீண்டு காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றோடு மணலையும். மாலையில் வளையத்தைத் திருகினால் நறநறவென்றது. நீளாத, சின்ன 35-ல் அந்தத் தொந்தரவு இல்லை.

ஃபில்டரைக் கழுவத் தண்ணீர் கேட்டபோது ஒரு பாட்டி மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து கொட்டாங்கச்சியால் மொண்டு கொடுத்தார். இரண்டு பக்கமும் கடல். நடுவில் மணலுக்கடியில் குடிக்கும் தண்ணீர். “இதுல உப்பு இருக்காது ராசா, நல்லாக் கழுவு” என்றார். குடித்தும் பார்த்தேன், உப்பில்லை. அங்கேயே ஓலைக் கொட்டகையில் மசாலா தடவிப் பொரித்த சங்கரா மீன் சாப்பிட்டேன். எங்கள் ஊருக்கு மீன் ஐஸ் பெட்டியில் மலையேறி வரும். வலையிலிருந்து நேராகச் சட்டிக்கு வந்த மீனின் சதை விரலில் இதழிதழாகப் பிரிந்து வந்தது.

தூத்துக்குடி

உப்பளத்தில் வேலை விடிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் நிற்க முடியாது. நான் போய்ச் சேர்ந்தபோது சூரியன் பனையளவு உயரம் வந்திருந்தது, வாரிய உப்பு பாத்தி வரப்புகளில் குவிந்திருந்தது. தலைச்சுமையாகக் கூடை தூக்கி அம்பாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இந்த வெளிச்சத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. மேலே இருந்து வருவது ஒரு பங்கு. பாத்தி நீரிலிருந்து, உப்புக் குவியலிலிருந்து, காலடியிலிருந்து எழுந்து வருவது அதற்குச் சமமான இன்னொரு பங்கு. ஹீலியோஸ் இங்கே தோற்றது. முன்னால் ஹூட் போட்டும், கையால் மறைத்தும் பயனில்லை. படம் முழுக்க வெண்மை பரவி, கூடை தூக்கிய பெண்ணின் முகம் புகைக்குள் இருப்பவர் முகமாகிவிட்டது. ஆத்தங்குடி வளவில் பொருந்திய அதே இளக்கம் இங்கே படத்தையே தின்றது. பழைய லென்ஸ்களைக் கொண்டாடுகிறவர்கள் மாசி மாத உப்பளத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்க வேண்டும்.

காரணம் பூச்சில் இருக்கிறது. பூச்சில்லாத ஒரு கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஹீலியோஸின் ஆறு வில்லைகளில் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. இன்றைய ஜூம் ஒன்றில் அந்தப் பரப்புகள் முப்பதைத் தொடும். பூச்சு இல்லாவிட்டால் பாதிக்கும் மேலான வெளிச்சம் வழியிலேயே தொலைந்து, உள்ளுக்குள் சிதறிப் படத்தைக் கெடுக்கும். 1935-ல் ஜெனாவில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்ணாடியின்மேல் மெல்லிய படலம் பூசி இந்தப் பிரதிபலிப்பைக் குறைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அந்த ஒற்றைப் பூச்சு அடுக்குப் பூச்சாக வளர்ந்த பிறகுதான் இவ்வளவு கண்ணாடிகளை அடுக்கிய ஜூம்கள் கைக்கு வந்தன. உப்பளத்தில் ஜூம் எடுத்த படத்தில் உப்பு உப்பாகவே இருந்தது, அதன்மேல் விழுந்த கூடையின் நிழலும் நிழலாக இருந்தது. அந்த லென்ஸைச் செய்தவர்களின் மேல் எனக்கு மரியாதை கூடியது அங்கேதான்.

35-க்கும் இங்கே ஒரு குறை வெளிப்பட்டது. முழுதாகத் திறந்து எடுத்தால் கறுத்த கால்களுக்கும் வெள்ளை உப்புக்கும் நடுவே ஊதா நிறத்தில் ஒரு விளிம்பு. எஃப் 5.6-க்கு மூடியதும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அத்தனை வெளிச்சத்தில் அப்பர்ச்சரைத் திறந்துவைக்கத் தேவையும் இல்லை.

நிழலில் உட்கார்ந்து நீராகாரம் குடித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா கூப்பிட்டார்.

“எங்கேருந்து வாரிய?”

“குன்னூர்லேருந்து.”

“குளிரு ஊருல்லா அது! வெயிலு தாங்குமா ஒங்களுக்கு? கண்ணு கூசுதா?”

“கூசுதுக்கா.”

“எங்கம்மைக்குக் கண்ணு இந்த அளத்துலதான் போச்சி. எனக்கும் சாயங்காலம் ஆனா எல்லாம் மசங்கலாத்தான் தெரியி.”

அவர் உள்ளங்கையைக் காட்டினார். உப்பு அறுத்த கோடுகள். அதை 35-ல் எடுத்தேன், அவருடைய முகமும் தெரியும்படி, அவர் கேட்டுக்கொண்டபடி. என் லென்ஸுக்கு அடுக்குப் பூச்சும் ஹூடும் ஃபில்டரும் உண்டு. அந்தப் பாத்திகளில் வேலை செய்கிற எல்லோர் கண்ணிலும் நல்ல தரமான கறுப்புக் கண்ணாடி இருக்க வேண்டும், வருடா வருடம் கண் பரிசோதனை நடக்க வேண்டும். உப்பு வாங்குகிற நாம் இதைக் கேட்க வேண்டும்.

ஊர் திரும்பும்முன் பஜாரில் மக்ரூன் வாங்கினேன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் மட்டும். மலையேறியதும் ஈரத்தில் நமத்துவிடும் என்று கடைக்கார அண்ணாச்சி எச்சரித்தார். அவர் சொன்னபடிதான் ஆனது.

குன்னூர், பிரிண்ட் வந்தபின்

படங்களை 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு மேசையில் பரப்பினேன். எஃப் 8-ல் எடுத்தவற்றில் ஜூம் எது, 35 எது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்து ஸ்டூடியோ நண்பருக்கும் முடியவில்லை. வரைபடத்தில் அத்தனை தூரம் விலகி ஓடிய இரண்டு கோடுகள், காகிதத்தில் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்றாகிவிடுகின்றன. பிரித்துக் காட்டியவை வேறு: பூக்கட்டும் விரல் நின்றதா, கோடு வளைந்ததா, எதிர்வெயிலில் முகம் தெரிந்ததா, எதிரில் இருந்தவர் இயல்பாக இருந்தாரா.

மதுரை அம்மா, ஆத்தங்குடிப் பெரியவர், ஆச்சி, தனுஷ்கோடிப் பாட்டி, உப்பள அக்கா எல்லோருக்கும் படங்களை அனுப்பினேன். அனுப்பத் தேர்ந்தவற்றில் பெரும்பாலானவை 35-ல் எடுத்தவை. கரைவலையும் உப்பளத்தின் பரப்பும் ஜூம். ஆச்சிக்கு இரண்டு படம் போனது: நிலைகளின் வரிசை 35-ல், தூணோரம் உட்கார்ந்தது ஹீலியோஸில்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஒரே ஒரு லென்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்றால் மதிப்பெண்ணில் இரண்டாவதாக வந்த அந்த 35-ஐ வைத்துக்கொள்வேன். கடலுக்கும் உப்பளத்துக்கும் போகிற வேலை வந்தால் ஜூமை எடுத்துப் போவேன், அதுவும் ஃபில்டரோடு. ஹீலியோஸ் மலையிலேயே இருக்கட்டும். மேகம் இறங்கிய தேயிலைக் காட்டில், இலை பறிக்கும் பெண்களின் முகங்களுக்கு அதைவிட நல்ல லென்ஸ் என்னிடம் இல்லை.

உங்கள் தீர்ப்பு என்னுடையதாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் வெளிச்சம் வேறு, நீங்கள் நிற்கும் தூரம் வேறு. லென்ஸ் வாங்கும் முன்பு வரைபடத்தைப் பாருங்கள், பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அதே லென்ஸை ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள், அல்லது நண்பரிடம் கேட்டு வாங்குங்கள். விடியற்காலைச் சந்தையிலும், நண்பகல் முற்றத்திலும், சாயங்கால எதிர்வெயிலிலும், உங்களுக்குப் பிரியமான ஒருவரின் முகத்திலும் எடுத்துப் பாருங்கள். எடுத்ததில் நான்கையாவது பிரிண்ட் போட்டு, படத்தில் இருப்பவரிடம் காட்டிக் கேளுங்கள். பிறகு வாங்குங்கள்.